ஊராட்சி மன்றமும் நிகர சுழியமும்: பெஸ்தாரி ஜெயாவை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்வது எப்படி?

கேள்வி இதுதான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கும், பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் வளர்ந்த ஒரு தங்கை, முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குத் தயாராகிறார். தலைப்பு: 'ஊராட்சி மன்றங்களும் நிகர சுழிய இலக்கும்'. நிகர சுழியம் என்றால், வெளியேற்றும் கரிம வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகிவிடும் நிலை. தலைப்பு ரொம்பப் பெரிது, சுருக்கிக்கொண்டு வா என்கிறார் மேற்பார்வையாளர். படிக்கக் கிடைக்கும் கட்டுரைகளோ பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை. தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊரை வைத்து இதைச் செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

முடியும். கோலாலம்பூரை வைத்துச் செய்வதைவிட இதில் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் இலக்கு அல்ல, அதிகாரம். எந்தப் புகை யாருடைய உரிமத்தின் கீழ் வெளியேறுகிறது என்று முதலில் வரைந்துகொள்ளுங்கள். தோட்டத்து மாவட்டத்தில் பெரிய வெளியேற்றங்கள் அநேகமாக மன்றத்தின் கை எட்டாத இடத்தில்தான் இருக்கின்றன. அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வு.

இங்கிலாந்துக் கட்டுரைகள் வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2018 நவம்பரில் பிரிஸ்டல் நகர மன்றம் பருவநிலை அவசரநிலையை அறிவித்தது. பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட மன்றங்கள் அதே வழியில் போயின. 2019-இல் அந்த நாடு 2050 நிகர சுழியத்தைச் சட்டமாக்கியது. 2020 டிசம்பரில் அங்குள்ள பருவநிலை மாற்றக் குழு ஒரு கணக்கை வெளியிட்டது: ஒரு மன்றம் நேரடியாகக் கட்டுப்படுத்துவது தன் பகுதி வெளியேற்றத்தில் 2 முதல் 5 விழுக்காடுதான், ஆனால் அதன் அதிகாரமோ செல்வாக்கோ எட்டுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த 'மூன்றில் ஒரு பங்கை' அப்படியே தூக்கிவந்து கோலசிலாங்கூரில் வைப்பதுதான் பெரிய பிழை. இங்கிலாந்தில் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வாக்காளர்கள். வாடகைக்கு விட்ட வீடுகள் பல மன்றங்களின் கையில் இருக்கின்றன. இங்கே ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டம், அந்தக் கதவை மூடிவிட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. குறைந்தது 8 பேர், அதிகம் 24 பேர். வாக்காளரின் அழுத்தத்தால் மன்றம் நகர்கிறது என்ற கோட்பாடு இங்கே தானாகப் பொருந்தாது. யாருடைய அழுத்தத்தால் நகர்கிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாட்டின் இலக்கு எளிது. மிக விரைவாகப் போனால் 2050-இல் நிகர சுழியத்தை எட்டப் பார்ப்போம் என்று 2021 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி 12-ஆவது மலேசியத் திட்டத்தை முன்வைத்தபோது சொன்னார். 2005-ஆம் ஆண்டை ஒப்பிட, உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்குமான வெளியேற்றத்தை 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பது அனைத்துலக உறுதிமொழி. 2023-இல் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் வந்தது. ஆய்வில் இதற்கு ஒரு பக்கம் போதும். அறிமுக அத்தியாயம் முழுவதையும் இதற்குச் செலவழிக்காதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

மன்றம் பெருமையாகக் காட்டுவது தெருவிளக்கு. சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுவது நல்ல வேலைதான். ஆயிரம் விளக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 வாட் சோடியம் விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்து 170 வாட் இழுக்கும். இரவுக்கு 12 மணி நேரம், ஆண்டு முழுவதும் என்றால் சுமார் 745 மெகாவாட் மணி. 70 வாட் எல்.இ.டி. மாட்டினால் அது 307 ஆகும். மிச்சம் 438. தீபகற்ப மின்கட்டமைப்பில் ஒரு மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 0.77 டன் கரியமில வாயு என்று எடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 340 டன் குறைகிறது.

அடுத்து, ஆண்டுக்கு 2 லட்சம் டன் செம்பனைக் குலைகளை அரைக்கும் ஓர் ஆலை. ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். மொத்தம் 1,30,000 கன மீட்டர். திறந்த குளத்தில் அது புளிக்கும்போது ஒரு கன மீட்டரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் உயிர்வாயு கிளம்பும். அதில் 60 விழுக்காடு மீத்தேன். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 1,460 டன் மீத்தேன். நூறாண்டு அளவுகோலில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பமூட்டும் என்று பெருக்கினால் 41,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆயிரம் தெருவிளக்குகளில் மிச்சம் பிடித்ததைப்போல் 120 மடங்கு, ஒரே ஓர் ஆலையின் குளத்திலிருந்து.

அந்தக் குளம் யார் கையில் இருக்கிறது? ஆலையின் உரிமம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்திடம். கழிவுநீர் உரிமம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் துறையிடம். இரண்டும் கூட்டரசு, அதாவது மத்திய அரசு. 2014 முதல் புதிய ஆலைகளும், அரைக்கும் அளவைக் கூட்ட விண்ணப்பிக்கும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அளவைக் கூட்டாமல் பழையபடியே ஓடும் ஆலையை அந்த விதி தொடாது. மன்றத்திடம் இருப்பது திட்ட அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல், மதிப்பீட்டு வரி. ஆலை எதையாவது புதிதாகக் கட்ட வரும்போது மட்டும் மன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வருகிறது. அந்த வாய்ப்பில் மன்றம் என்ன நிபந்தனை போட்டது, போடவில்லை என்றால் ஏன் என்று கேட்பது உங்கள் ஆய்வின் நடுவில் இருக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவதும் கனமானது: சதுப்புக்கரி நிலம், அதாவது பாதி மக்கிய தாவரங்கள் தண்ணீருக்குள் சேர்ந்து உண்டான கரிமம் நிறைந்த மண். பெஸ்தாரி ஜெயாவுக்கு வடக்கே ராஜா மூசா வனக்காப்பகம் இருக்கிறது. வட சிலாங்கூர் சதுப்புக்கரிக் காட்டின் ஒரு பகுதி. அத்தகைய நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுச் செம்பனை நட்டால் மண்ணே மெதுவாக ஆக்சிஜனோடு சேர்ந்து கரைந்து போகும். பருவநிலை அறிவியலுக்கான ஐ.நா. குழுவின் 2013 ஈரநில வழிகாட்டி, வடிக்கப்பட்ட சதுப்புக்கரி நிலத்துச் செம்பனைக்கு எக்டருக்கு ஆண்டொன்றுக்கு 11 டன் கார்பன் என்று கொடுக்கிறது. கரியமில வாயுவாக மாற்றினால் 40 டன். ஆயிரம் எக்டர் என்றால் 40,000 டன். காடு மாநில வனத்துறையிடம், நிலம் மாநில நில அலுவலகத்திடம், வாய்க்கால் நீர்ப்பாசன வடிகால் துறையிடம் அல்லது தோட்ட நிர்வாகத்திடம். மன்றம் இங்கே பார்வையாளர்.

இதில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. நகரங்கள் தங்கள் வெளியேற்றத்தைக் கணக்கிட உலக அளவில் பயன்படுத்தும் ஜி.பி.சி. நெறிமுறையில் இரண்டு படிகள் உள்ளன. அடிப்படைப் படியில் மின்சாரம், எரிபொருள், போக்குவரத்து, கழிவு மட்டும் வரும். வேளாண்மையும் நிலப்பயன்பாடும் மேல்படியில்தான் சேரும். பெட்டாலிங் ஜெயாவுக்கு அடிப்படைப் படி போதும். தோட்டத்து மாவட்டத்துக்கு அடிப்படைப் படியில் கணக்குப் போட்டால் சதுப்புக்கரி நிலம் முழுவதும் காணாமல் போய்விடும். மாவட்டம் பச்சையாகத் தெரியும். எந்த அறிக்கையைப் பார்த்தாலும் எந்தப் படியில் போட்ட கணக்கு என்று முதல் பக்கத்திலேயே தேடுங்கள்.

குப்பையிலும் இதே கவனம் வேண்டும். ஜெராம் குப்பைமேடு கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களிலிருந்து லாரி லாரியாக அங்கே வருகிறது. அந்த மீத்தேன் யாருடையது? நெறிமுறைப்படி, வெளியூர்க் குப்பை உங்கள் எல்லைக்குள் புதைந்தால் அதை எல்லைக் கணக்கில் காட்ட வேண்டும், ஆனால் மாவட்டத்தின் அடிப்படை மொத்தத்தில் கூட்டக் கூடாது. அனுப்பிய நகரம் அதைத் தன் மூன்றாம் வகையில், அதாவது தன்னால் எல்லைக்கு வெளியே உண்டாகும் வெளியேற்றங்களில், எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் கூட்டினால் தோட்டத்து மக்கள் ஷா ஆலாமின் குப்பைக்கும் சேர்த்துக் குற்றவாளிகளாவார்கள். கழித்துவிட்டு மௌனமாக இருந்தாலும் தவறு. நாற்றத்தையும் லாரியையும் தாங்குகிறவர்கள் அவர்கள்தானே. இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள்.

கணக்கின் உள்ளே ஒரு சின்ன எண் பெரிய வித்தியாசம் செய்யும். ஒரு டன் உணவுக்கழிவில் சிதையக்கூடிய கார்பன் 0.15, அதில் பாதி உண்மையில் சிதையும், வெளிவரும் வாயுவில் பாதி மீத்தேன், அதை 16/12-ஆல் பெருக்கினால் 0.05 டன் மீத்தேன். இதன்மேல் ஒரு திருத்தக் காரணி இருக்கிறது. ஒழுங்காக நிர்வகிக்கப்படும் குப்பைமேட்டுக்கு 1.0, ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள நிர்வகிக்கப்படாத மேட்டுக்கு 0.4. முதலாவதில் டன்னுக்கு 1.4 டன் கரியமில வாயுவுக்குச் சமம், இரண்டாவதில் 0.56. தோட்டத்துக்குள் குழி வெட்டிப் போடும் குப்பைக்கு 1.0 போட்டால் இரண்டரை மடங்கு கூட்டிச் சொன்னதாகும். தேர்வுக்குழுவில் யாராவது இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

அந்தத் தோட்டத்துக் குப்பை எந்த எடைமேடையிலும் ஏறாது என்பது வேறொரு சிக்கல். சிலாங்கூரில் மன்றங்களுக்காகக் குப்பை அள்ளுவது மாநில நிறுவனமான கே.டி.இ.பி. அதன் தரவில் தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகள்) கடைவீதியும் இருக்கும். தோட்டத்துக்குள் இருக்கும் சாலை, சாக்கடை, விளக்கு, குப்பை எல்லாம் தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீடுகளைக் கண்காணிப்பது 446-ஆம் சட்டத்தின்படி தொழிலாளர் துறை. லயத்து வீடுகளில் எவ்வளவு குப்பை சேருகிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்களே எடைபோட வேண்டும்: இரண்டு தோட்டங்கள், தோட்டத்துக்கு முப்பது வீடுகள், தொடர்ந்து எட்டு நாள். முதல் நாள் குப்பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முந்தைய நாட்களின் தேக்கம். சம்பள வாரத்தையும் தீபாவளிக் காலத்தையும் தவிருங்கள், அல்லது தனியாக எடுங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டாவது ஊர் வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது நெகிரி செம்பிலானில் ஜெம்போல் மாவட்டத்தின் பஹாவ். அங்கும் தோட்டங்கள், அங்கும் கடைவீதி, அங்கும் நம் மக்கள். ஆனால் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம், அதாவது 672-ஆம் சட்டம், 2011 செப்டம்பர் முதல் நெகிரி செம்பிலானில் நடப்பில் இருக்கிறது. குப்பை அங்கே கூட்டரசின் கைக்குப் போய்விட்டது. சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. பயிர் ஒன்று, சட்டம் வேறு. குப்பை மன்றத்தின் கையை விட்டுப் போனால், மன்றம் பருவநிலை வேலையில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இணை கிடைப்பது கடினம்.

ஆனால் இந்த இணைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். தகவல் சுதந்திரச் சட்டம் உள்ள மாநிலங்கள் சிலாங்கூரும் பினாங்கும்தான். சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் மன்றத்திடம் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பஹாவில் அந்த வழி இல்லை. ஒரு பக்கம் கோப்புகள், மறுபக்கம் பேட்டிகள் மட்டும் என்று ஆகிவிட்டால், ஊர்களின் வேறுபாடு என்று நீங்கள் எழுதுவது வெறும் சான்றுகளின் வேறுபாடாக இருந்துவிடும். இரண்டு ஊரிலும் ஒரே வகையில் கிடைக்கும் ஆவணங்களை முதுகெலும்பாக வையுங்கள்: மாவட்ட உள்ளூர்த் திட்டம், ஆண்டு வரவுசெலவு, தணிக்கை அறிக்கை, முழு மன்றக் கூட்டக் குறிப்பு. நிலப்பயன்பாட்டு வரைபடத்தை நகரத் திட்டமிடல் துறையான பிளான் மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் பார்க்கலாம்.

கூட்டங்களைப் பற்றி ஒரு விவரம். மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று 171-ஆம் சட்டம் சொல்கிறது. குழுக் கூட்டம், அந்தக் குழுவே தீர்மானித்தாலொழிய, அப்படியல்ல. முழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், குழுவில் முடிவானதைக் கைதூக்கி ஏற்கும் காட்சியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆகவே கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதைவிட, எந்தத் தலைப்பு எந்தக் குழுவிலிருந்து எப்போது வந்தது, எத்தனை முறை தள்ளிப்போனது என்று எழுதி வையுங்கள். 'சூலிட்' (இரகசியம்), 'தெர்ஹாட்' (வரையறுக்கப்பட்டது) முத்திரை உள்ள தாளை யாராவது நல்ல மனத்தோடு காட்டினாலும் படம் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் உங்களைவிடக் காட்டியவரைத்தான் முதலில் பிடிக்கும்.

மன்றம் 'குறைந்த கரிம நகரம்' சான்றிதழ் வைத்திருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எல்லையைக் கேளுங்கள். 2011-இல் வந்த குறைந்த கரிம நகரக் கட்டமைப்பின்படி, ஒரு மன்றம் தன் தலைமைக் கட்டடமும் சுற்றியுள்ள சில தெருக்களும் அடங்கிய வட்டாரத்தை மட்டும் எடுத்துக் குறைப்பைக் காட்ட முடியும். அது பொய் அல்ல. ஆனால் மாவட்டத்தின் கணக்கும் அல்ல.

மன்றத்தின் கை உண்மையில் கனக்கும் இடம் ஒன்று இருக்கிறது; ஆய்வின் சிறந்த அத்தியாயம் அதில்தான் கிடைக்கும் என்று நம்புகிறேன். செம்பனையை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மறுநடவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நிர்வாகம் யோசிக்கிறது: மறுபடி நடுவதா, வீடமைப்புக்கு விற்பதா, சூரியசக்திப் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுவதா? 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடிக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நிலத்தின் வகையை மாற்றுவது மாநிலம். பிறகு திட்ட அனுமதிக்கான விண்ணப்பம், எல்லாத் துறைகளுக்குமான விண்ணப்பங்களை ஓரிடத்தில் வாங்கும் மன்றத்தின் ஒரே முகப்பு மையத்துக்கு வருகிறது. அந்தக் கோப்பில் தொழில்நுட்பத் துறைகளின் கருத்துகள் எல்லாம் தேதியோடு இருக்கும். சூரியசக்தித் தகடு வந்தால் நாட்டின் கணக்கில் கரிமம் குறையும், மன்றத்துக்கு வரி கூடும். அதே நிலத்தில் மூன்று தலைமுறையாக இருந்த லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு என்ன ஆகும் என்று அந்தக் கோப்பில் எந்தத் துறை கேட்டது? எந்தத் துறைக்கும் அது வேலை இல்லை என்றால், அதுவே கண்டுபிடிப்பு. நியாயமான மாற்றம் என்று கட்டுரைகள் பேசுவதை ஒரு கோப்பின் பக்கங்களில் வைத்துக் காட்டலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்று குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் குடும்பங்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள், ஓட்டுநர்கள், காவலர்கள், ஆலை ஊழியர்கள், அல்லது பக்கத்துத் தாமானுக்கு மாறிப்போனவர்கள். தமிழர் பேட்டிகளை மட்டும் எடுத்து 'தோட்ட மக்கள் சொல்கிறார்கள்' என்று எழுதினால் ஆய்வு பாதியாகிவிடும். மேலாளர் அனுமதி கொடுத்தார் என்பது தொழிலாளியின் சம்மதம் ஆகாது. சம்மதப் படிவம் தமிழிலும் மலாயிலும் வேண்டும், வாசித்தும் காட்ட வேண்டும். பேட்டி தோட்ட அலுவலகத்தில் வேண்டாம். கோயில் மண்டபமோ ஊர்க் கடையோ நல்லது.

அதிகாரிகளின் பேட்டிக்கு முப்பது பேர் போதும், ஆனால் சரியான முப்பது. மன்றத் தலைவரான யாங் டிபெர்துவாவை முதலில் பிடிக்க அலையாதீர்கள். திட்டப் பிரிவு, பொறியியல், மதிப்பீடு, உரிமம், கருவூலம் ஆகியவற்றின் இடைநிலை அதிகாரிகளுக்குத்தான் எந்தத் திட்டம் எந்தப் பணத் தலைப்பில் செத்தது என்று தெரியும். கருவூல அதிகாரியை எல்லா ஆய்வாளர்களும் மறந்துவிடுகிறார்கள். அவரை நீங்கள் மறக்காதீர்கள். எல்.இ.டி. மாற்றத்துக்கு மன்றம் கொடுத்த பணமா, மானியமா, அல்லது மிச்சத்திலிருந்து நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தமா என்று அவர்தான் சொல்வார். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், உறுப்பினர் பதவிக்காலமும் குறுகியது. ஆகவே முதல் சுற்றுப் பேட்டியை முதல் ஆண்டின் இறுதிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

மின்சாரத் தரவை மின்விநியோக நிறுவனமான தெனாகாவிடம் பல்கலைக்கழகக் கடிதத்தோடு கேளுங்கள்: ஆண்டுவாரியாக, கட்டணப் பிரிவுவாரியாக. அவர்களின் சேவைப் பகுதி மன்ற எல்லையோடு பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துணைமின்நிலையப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டால் எல்லைக்கு வெளியே இருப்பதைக் கழிக்கலாம். ஆலைகள் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துத் தாங்களே மின்சாரம் எடுப்பதால் அது தெனாகா கணக்கில் வராது. அந்தக் கரியமில வாயு உயிர்மப் பொருளிலிருந்து வருவதால் தனி வரியில் எழுத வேண்டும். டீசலிலும் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலப்பதால், லாரிப் புகைக்கும் அதே தனி வரி வேண்டும்.

நான்கு ஆண்டில் முடிக்க வேண்டுமானால், முழு வெளியேற்றப் பட்டியலைப் போடும் ஆசையை விடுங்கள். விளக்கு, ஆலைக் குளம், சதுப்புக்கரி நிலம், குப்பை ஆகிய நான்குக்கு மட்டும் அளவின் வரிசை தெரிந்தால் போதும். மீதி நேரம் அதிகாரத்தைத் தொடர்வதற்கு. கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'பெரிய வெளியேற்றங்கள் கைக்கு வெளியே இருக்கும் தோட்டத்து மாவட்டங்களில், ஊராட்சி மன்றம் நிகர சுழியத்தின் பெயரில் எதைத் தேர்ந்து செய்கிறது, எதை விடுகிறது, அந்தத் தேர்வை யார் தீர்மானிக்கிறார்கள்?' மேற்பார்வையாளர் இதை இன்னும் சுருக்கச் சொன்னால் குப்பையை விடலாம். அப்படி விட்டால் பஹாவைத் தேர்ந்த காரணமும் போய்விடும், ஒப்பீட்டு ஊரை மறுபடி யோசிக்க வேண்டும். ஆலையையும் திட்ட அனுமதிக் கோப்பையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று: பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போகும் முன்பே, மன்றச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் மலாயில் அனுப்புங்கள். அதில் நிகர சுழியக் கோட்பாடு எதுவும் வேண்டாம். எந்தக் கோப்புகள், எந்த ஆண்டுகள், எந்தப் பிரிவுகள், எத்தனை மணி நேரம் என்று மட்டும் இருக்கட்டும்.